ப்ராக் என்றால் வேட்டைநாய்

அந்த ஆள் பேருந்திலிருந்து இறங்கியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மரப்பெட்டியைத்தான் பார்த்தேன். அட்டைகளை நெருக்கி அடுக்கி வைக்கும் நீளமான பெட்டி, பித்தளைப் பூட்டுப் போட்டது. எங்கள் ஊர் நீன்ப்ரூக்கில் என் வயதுக்காரர்கள் யாருக்கும் அந்த மாதிரிப் பெட்டி பிடிக்காது. 1936இல் அப்படி ஒரு பெட்டியோடு வந்த ஒருவர் வீடு வீடாக ஏறி, யாருடைய தாத்தாவுக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருடம் ஊரில் இரண்டு வீடுகளில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.

இது நடந்தது 1964 அக்டோபரில். ஆப்பிள் பறிப்பு உச்சத்தில் இருந்ததால் எங்கள் விடுதியில் பகல் நேரத்தில் ஆளே இல்லை. என் கணவர் தேவெஸ் பீர்க் குழாயைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர் நான்கு நாளைக்கு அறை கேட்டார். நாற்பது நாற்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, தெற்கத்திப் பேச்சு. பதிவேட்டில் "டாக்டர் உல்ரிஷ் ரேம், அகராதிப் பணி" என்று எழுதினார்.

"என்ன அகராதி?" என்றார் தேவெஸ்.

"குடும்பப் பெயர்கள். ஒரே பெயர் ஊருக்கு ஊர் எப்படி மாறுது, என்ன அர்த்தம் ஆகுதுன்னு. உங்க பெயரையே எடுத்துக்குங்க. தேவெஸ்னா மத்தேயுதான். முன்பாதி உதிர்ந்து போய்ப் பின்பாதி மட்டும் நின்னுடுச்சு."

"முன்பாதி போயிடுச்சுன்னு இவளும் ரொம்ப நாளா சொல்றா" என்று தேவெஸ் என் பக்கம் கையைக் காட்டினார்.

வந்தவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, "இங்க ப்ராக்னு ஒரு குடும்பம் இருக்குல்ல?" என்றார்.

தேவெஸ் குழாயைக் கீழே வைத்தார். நான் போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மாடி ஏறியதும் நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ப்ராக் வீடு ஊருக்கு வெளியே, எல்பே ஆற்றைத் தடுத்து நிற்கும் பெரிய மண்கரைக்கு அடியில் இருக்கிறது. முன்னால் தோட்டம். பின்னால் கரையை ஒட்டி வட்டமாக, கறுப்பாக, அடி தெரியாத ஒரு நீர்நிலை. கரை உடைந்து வெள்ளம் உள்ளே பாயும்போது உடைப்பு வாயில் பூமியைக் குடைந்து தோண்டிவிட்டுப் போகும் மடு அது. கரையைத் திரும்பக் கட்டினாலும் மடு மட்டும் அப்படியே நின்றுவிடும். எங்கள் சதுப்பு நாட்டில் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு: ப்ராக். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் மட்டும் யாரும் அந்தச் சொல்லை அந்தத் தண்ணீருக்குச் சொல்ல மாட்டார்கள்.

வீப்கே ப்ராக் என் சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு மூன்று வகுப்பு மேலே. அவள் கணவன் ஹார்ம் இறந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தை மகன் பார்த்துக்கொண்டான். ஹார்மின் அக்கா கேஷே, கல்யாணமே செய்துகொள்ளாதவள், அறுபத்தெட்டு வயது, அந்த வீட்டின் வடக்கு அறையில் இருந்துகொண்டு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். நான் போனபோது இருவரும் களத்தில் உட்கார்ந்து அடிபட்ட பழங்களைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவரே பாதையில் நடந்து வந்துவிட்டார். வாயிற்படியின் மேல் உத்தரத்தில் செதுக்கியிருந்த நாயை நின்று பார்த்தார். தொங்கிய காதும் நீண்ட மூக்குமாக ஓடுகிற நாய். கீழே 1937 என்று போட்டிருக்கும்.

"அழகா இருக்கு. இது உங்க குடும்ப அடையாளமா?"

"ப்ராக்னா வேட்டைநாய்" என்றாள் கேஷே. மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல வேகமாக. "மோப்பம் பிடிக்கிற ஜாதி. தெற்கத்திப் பெயர். நாங்க ஃப்ராங்கன் நாட்டுலேர்ந்து வந்தவங்க. எழுத்துல இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"

"அதைத்தான் கேட்க வந்தேன். என் பெயர் ரேம். அகராதிக்காக..."

வீப்கேயின் கை நின்றுவிட்டது. பழத்தைப் பிடித்தபடியே இருந்தாள், கூடையில் போடவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன். அவரும் கவனித்திருந்தார்.

"வீட்டுக்குப் பின்னாடி இருக்கே அந்தத் தண்ணி, அதுக்கு என்ன சொல்வீங்க?" என்று அவர் வீப்கேயிடம் கேட்டார்.

"குளம்."

"வெறும் குளமா?"

"வாத்து நீந்துது. குளம்தான்."

"பழம் அழுகிடும் டாக்டர். எங்களுக்கு வேலை கிடக்கு" என்றாள் கேஷே. அவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். ஆனால் நேராகப் போகவில்லை. கரைமேல் ஏறி நின்று, மடுவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சின்னப் புத்தகத்தில் எதையோ எழுதினார்.

"பார்த்தியா?" என்றாள் கேஷே. "இது டீர்க்ஸ் அனுப்பின ஆளு. சந்தேகமே இல்லை."

அவள் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. நவம்பரில் கரை வாரியத்துக்குத் தேர்தல். வீப்கேயின் மகனும் டீர்க்ஸின் மகனும் ஒரே இடத்துக்கு நின்றார்கள். பெரிய டீர்க்ஸ், பெட்டிக்காரர் வந்துபோன அந்தக் காலத்தில் எங்கள் ஊர் விவசாயிகளுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தவர். பண்ணை வைத்திருக்கிறவன் 1800ஆம் வருடம் வரைக்கும் தன் முன்னோர் யார் யார், அதில் யூதர் யாரும் இல்லை என்று காகிதத்தோடு காட்ட வேண்டும், காட்ட முடியாதவன் பண்ணைச் சொந்தக்காரன் என்ற தகுதியை இழப்பான் என்று சட்டம் வந்தபோது, அவர் முதலில் கைகாட்டியது ஹார்ம் ப்ராக்கைத்தான். அவர் நிலமும் ஹார்மின் நிலமும் ஒரே வாய்க்காலின் இரண்டு பக்கம்.

கைகாட்டக் காரணமும் இருந்தது. ஹார்மின் தாத்தா யோஹான் கண்டெடுத்த பிள்ளை. 1825 பிப்ரவரி வெள்ளத்தில் கரை உடைந்து, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், உடைப்பு மடுவின் ஓரத்தில் ஒரு மாவுத் தொட்டிக்குள் உயிரோடு கிடந்ததாம். பெற்றோர் தெரியாததால் கிடைத்த இடத்தின் பெயரையே வைத்தார்கள். ஊர்க்கோயில் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெயருக்கு மடு என்று பொருள் கொண்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லை. வேட்டைநாய் என்று பொருள் கொண்டால், அது தெற்கே இருந்து ஒரு மனிதன் தன்னோடு கொண்டு வந்த குடும்பப் பெயர், அப்பன் உண்டு. அந்த ஒரு சொல்லின் அர்த்தத்தில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

1936 கடைசியில் தெற்கேயிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர் லூர்ஸ்தான் எழுதி வரவழைத்தார். யோஹான் ப்ராக், ஃப்ராங்கன் மலைக்கிராமம் ஒன்றில் 1824இல் பிறந்தவன், ஊர் ஊராக வேலை தேடிப் போன ஒரு தச்சனின் மகன் என்று அதில் இருந்தது. தச்சனும் மனைவியும் வடக்கே வந்து வெள்ளத்தில் போயிருக்க வேண்டும் என்று லூர்ஸ் ஊர் ஆண்டுமலரில் கட்டுரையும் எழுதினார். டீர்க்ஸ் வாயை மூடிக்கொண்டார். அதற்கு மறுவருடம்தான் வாயிற்படியில் நாய் ஏறியது. ஊரில் யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் ரேம் செய்ததெல்லாம் எங்களை இன்னும் கலக்கியது. கோயில் பதிவேட்டைக் கேட்டு வாங்கி ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். இறந்துபோன லூர்ஸ் ஆசிரியருக்குச் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். டீர்க்ஸ் வீட்டுக்கும் போனார். போனது ஒலிப்பதிவுக்காக, முதியவரை முப்பது சொல் சொல்லவைத்துப் பதிவு செய்தேன் என்றார். தேவெஸ் நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது சும்மா இழுத்துப் பார்த்தார்.

"ஹாம்பர்க் துறைமுகத்துல ப்ராக்னா வேற அர்த்தம் டாக்டர். பீப்பாயைத் திறந்து பார்த்து, தேறாத மீனைத் தள்ளி வைப்பாங்க பாருங்க, அதுக்குப் பேரு ப்ராக். கழிசல்."

"தெரியும். குறிச்சு வெச்சிருக்கேன். டச்சுப் படகுக்காரங்க கிட்ட கேட்டா உப்புக் கரிக்கிற தண்ணிம்பாங்க."

"நாய், குழி, கழிசல் மீன், உப்புத் தண்ணி. பாவம், அந்த வீட்டுக்காரங்க எதுன்னு எடுத்துக்குவாங்க?"

"எதுன்னு எடுத்துக்கிட்டாங்கங்கிறதுதான் எனக்குத் தெரியணும்" என்றார் ரேம்.

மூன்றாம் நாள் காலை அவர் மறுபடி கோயிலுக்குப் போன பின் வீப்கே அடுக்களை வழியாக வந்தாள். தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"அவர் பேரை எழுதிக் காட்டு, மெட்டே."

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தாள்.

"அறைச் சாவி குடு."

"என்னடி சொல்றே? விருந்தாளி அறை."

"நீயே திற. நான் தொட மாட்டேன். பார்க்க மட்டும் பார்க்கிறேன்."

முப்பது வருடம் விடுதி நடத்தியதில் நான் செய்யாத காரியம் அது. செய்தேன். பெட்டி மேசைமேல் இருந்தது, பூட்டியிருக்கவில்லை. ப்ராக் என்ற தலைப்பின் கீழ் இருபது அட்டையாவது இருக்கும். தெற்கு: மோப்ப நாய், அதை வளர்ப்பவனுக்கோ அதுபோல் மோப்பம் பிடிப்பவனுக்கோ வந்த பட்டப்பெயர். வடக்கு: கரை உடைப்பு மடு, அதன் ஓரம் குடியிருப்பவன். அப்படியே ஒவ்வொரு வட்டாரமாக, சின்னச் சுத்தமான எழுத்தில். கடைசி அட்டையில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. "நீன்ப்ரூக். தெற்குப் பெயர் வடக்கே வந்ததற்கு ஒரே சான்று. சான்றளித்தவர்: போதகர் கோட்ஃப்ரீட் ரேம். பதிவேட்டில் இல்லை."

வீப்கே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹார்மோட சான்றிதழ்ல இருக்கிற கையெழுத்து இதே பேரு. மகனா இருக்கணும். பதிவேட்டைப் பார்த்துட்டான். இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"பொய்ன்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியாம? லூர்ஸ் வாத்தியார் எங்க அடுக்களையில உட்கார்ந்துதான் எழுதினார். தெற்கே ப்ராக்னு குடும்பம் இருக்கிற ஊரா பார்த்துப் பதினோரு போதகருக்கு எழுதினார். பத்துப் பேர் அப்படி ஒரு பிள்ளை பிறக்கலைன்னு பதில் போட்டாங்க. ஒருத்தர் பிறந்ததுன்னு போட்டார்." கைகளைத் தொடைமேல் தேய்த்துக்கொண்டாள். "இப்ப இவன் எதுக்கு வந்திருக்கான்? யாருக்காகத் தோண்டுறான்? சட்டம் போயிடுச்சு, ஆனா அந்த ஆளுங்க எங்க போனாங்க? இங்கதானே உட்கார்ந்திருக்காங்க. என் பையன் பேரைத் தேர்தல்ல எதுக்கு இழுக்கப் போறாங்களோ."

"என்ன செய்யப் போறே?"

"நாளைக்குக் காப்பிக்குக் கூப்பிடு. நேரா கேட்டுடுறேன். நீயும் வா, சாட்சிக்கு."

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ப்ராக் வீட்டுக் கூடத்தில் வெள்ளை விரிப்பும் நீலக் கோப்பைகளும் எடுத்து வைத்திருந்தார்கள். வெண்ணெய்க் கேக் நடுவில் இருந்தது. யாரும் வெட்டவில்லை. கேஷே அடுப்பை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீப்கே சுற்றி வளைக்கவில்லை. "உங்க அப்பா போதகரா?"

"ஆமா. மூணு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார்."

"எங்க வீட்டுக் காகிதத்துல அவர் கையெழுத்து இருக்கு. அதுக்குத்தான் வந்தீங்க. அகராதிக்கு இல்லை."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ரெண்டுக்கும்தான். பன்னிரண்டு வருஷமா இந்த அகராதியில வேலை பார்க்கிறேன். லூர்ஸ் எழுதின கட்டுரையை நம்பி, தெற்குலேர்ந்து இந்த ஊருக்கு வரைபடத்துல ஒரு கோடு போட்டேன். அச்சாயிடுச்சு. அப்புறம்தான் சான்று குடுத்தது எங்கப்பான்னு பார்த்தேன். அவரையே கேட்டேன். 'அதை விட்டுடு'ன்னார். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்லை. அவர் போனதுக்கப்புறம் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். 1824ல அந்தப் பிள்ளை இல்லை. அதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை."

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"மெழுகுவத்தி எத்தனை எரிஞ்சதுன்னு தப்பாச் சொன்னதுக்காகக் கோயில் பணியாளை வேலையை விட்டு அனுப்பின மனுஷன் எங்கப்பா. அவர் பொய்ச் சான்று எழுதியிருக்கார். இது ஒண்ணுதானா, இல்ல நிறைய எழுதினாரா, எனக்குத் தெரியாது." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நான் நேரா கேட்கிறேன். அவருக்கு என்ன குடுத்தீங்க?"

நாங்கள் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாலு நாளும் அவர் எங்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீப்கேயின் கழுத்து சிவந்தது.

"என்ன குடுத்தோமா? அந்த மனுஷன் முகத்தைக்கூட நாங்க பார்த்ததில்ல. இருங்க, பதினோரு கடிதமும் இருக்கு. படிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க."

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"கேஷே" என்றாள்.

"செவ்வாய்க்கிழமையே அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் கேஷே. "இவன் பாதையில இறங்கிப் போன அஞ்சாவது நிமிஷம். எதுக்கு வெச்சிருந்தே? யாராவது வந்து எடுத்துக் காட்டணும்னா?"

"அதுதான் எங்களுக்குச் சாட்சி, பைத்தியமே."

"எங்களுக்குச் சாட்சி சான்றிதழ். நாங்க ஃப்ராங்கன் நாட்டு ஆளுங்க." இருபத்தேழு வருடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது உண்மையாகவே ஆகியிருந்தது. அதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ரேம் காலித் தகரத்தைப் பார்த்தார். முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. "அப்ப உங்க வார்த்தை மட்டும்தான் இருக்கு."

"உங்கப்பாவுக்கும் லூர்ஸ் வாத்தியாரோட வார்த்தை மட்டும்தான் இருந்துது" என்றாள் வீப்கே. உட்கார்ந்து, கேக்கை எடுத்து வெட்டத் தொடங்கினாள். கை எங்கே போகிறது என்று தெரியாமல் வெட்டினாள். "ஒண்ணே ஒண்ணு அனுப்பினோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி ஆப்பிள், ரயில்ல. ஹெர்ப்ஸ்ட்பிரின்ஸ் ரகப் பழம், மார்ச் வரைக்கும் கெடாது. ஜனவரியிலே திரும்பி வந்துது. பனியிலே அடிபட்டுப் பாதி கறுத்துப்போய். மேலே சிவப்புச் சீட்டு, பெற மறுப்புன்னு. ஹார்முக்கு அன்னிக்கெல்லாம் சோறு இறங்கல. கையெழுத்துப் போட்டதுக்கு அந்த மனுஷன் வருத்தப்படுறார், நம்மைக் காட்டிக்குடுக்கப் போறார்னு."

"பனிச் சறுக்குவண்டியை எடுத்துக்கிட்டுப் போனோம்" என்றார் ரேம், மெதுவாக. "எனக்குப் பதினாலு வயசு. ஸ்டேஷன்ல சரக்கு வந்திருக்குன்னு அட்டை வந்துது. நானும் தங்கச்சியும் வண்டியை இழுத்துக்கிட்டு அப்பாவோட போனோம். பெட்டி இடுக்கு வழியா ஆப்பிள் வாசனை அடிச்சுது. அப்பா அனுப்பினவர் பேரைப் படிச்சார். 'இது நம்முடையது இல்ல'ன்னு திரும்பிட்டார். தங்கச்சி ஊர் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா. கண்டிப்பான மனுஷன், பரிசு வாங்க மாட்டார்னு நினைச்சேன். யார் அனுப்பினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப உண்மையில அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா யாரு?" என்றார். இப்போது அது விசாரணையாக இல்லை.

"யாருக்கும் தெரியாது" என்றாள் வீப்கே.

நான் அங்கே சாட்சியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் எல்லோரும் தங்களிடம் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என்னால் முடியவில்லை.

"தேவெஸோட அம்மா சொல்லியிருக்காங்க" என்றேன். "அவங்களுக்கு அவங்க மாமியார் சொன்னது. வெள்ளத்துக்கு முந்தின சாயங்காலம் எங்க விடுதியில ஒரு ஊசிமணி விக்கிறவரும் பொண்டாட்டியும் கஞ்சி வாங்கிச் சாப்பிட்டாங்க. ஆல்டோனாலேர்ந்து வந்த யூதங்க. கைப்பிள்ளை இருந்துது. உள்ள படுக்க இடம் இல்லைன்னு சொல்லி, கரையடியில இருந்த மண்வெட்டிக் கொட்டகையில படுத்துக்கச் சொல்லியிருக்காங்க. எங்க ஆளுங்கதான் சொன்னாங்க. அந்தக் கொட்டகை இருந்த இடத்துலதான் இப்ப மடு இருக்கு."

வீப்கே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து."

"அப்ப முப்பத்தாறுல..."

"பெட்டிக்காரர் எங்களையும் கேட்டார். தேவெஸ் ஒண்ணும் தெரியாதுன்னார். நான் தட்டை வெச்சுக்கிட்டு நின்னேன். யார்கிட்டயும் மூச்சு விடல, வீப்கே."

"என்கிட்டயும்தான் விடல. இத்தனை வருஷம் என் அடுக்களையில உட்கார்ந்து காப்பி குடிச்சிருக்கே. ஹார்ம் கேட்டுக் கேட்டுச் செத்தார், நான் யாருன்னு."

"தெரிஞ்சிருந்தா அவருக்கு ஆபத்துதானே..."

"போர் முடிஞ்சு ஆறு வருஷம் உயிரோட இருந்தார், மெட்டே. ஆறு வருஷம்."

கேஷே எழுந்து வடக்கு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா கோபப்பட்டாளா தெரியாது.

ரேம்தான் கடைசியில் பேசினார். "இதையெல்லாம் நான் அச்சுல போடப்போறதில்ல. எங்கப்பா விஷயத்தையும் சேர்த்து. ஆனா வரைபடத்துல போட்ட அந்தக் கோட்டை அழிக்கணும். இந்த ஊர்ல ப்ராக்னா என்னன்னு யாராவது என் கருவியில சொன்னா போதும். டீர்க்ஸ் வீட்டுப் பெரியவர் சொல்லியிருக்கார். உங்க பேரை அவர் குரலை வெச்சு எழுத நான் விரும்பல."

ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார். இரண்டு சக்கரங்கள் மெதுவாகச் சுற்றின. வீப்கே அதைச் சந்தேகத்தோடு பார்த்தாள். யார் கேட்பார்கள், எங்கே வைப்பீர்கள், பெயர் போடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவள் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் இல்லாமல், பால்காரனிடம் பேசுவதுபோல எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள்:

"கரை உடைஞ்சா தண்ணி குழி பறிக்கும். அதுதான் ப்ராக். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. அதுலேர்ந்து வந்ததுதான் எங்க பேரு."

அவர் அடுத்த நாள் காலைப் பேருந்தில் போய்விட்டார். ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுபோகச் சொல்லி வீப்கேயின் மகன் நிறுத்தத்துக்கே எடுத்து வந்தான். அவர் மறுக்கவில்லை. தூக்க முடியாமல் ஓட்டுநரின் உதவியோடு ஏற்றினார்.

நவம்பரில் தேர்தல் நடந்தது. டீர்க்ஸ் மகன் எட்டு ஓட்டில் ஜெயித்தான். ப்ராக் பெயரை வைத்து யாரும் எதுவும் பேசவில்லை. எதிர்பார்த்த அடி விழாமல் போனதே கேஷேவுக்குப் புதிய சந்தேகமாகிவிட்டது, சரியான சமயத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றாள். யார் கேட்டாலும் நாங்கள் ஃப்ராங்கன் ஆட்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். 66இல் இறந்தாள். அவளுடைய சாவுக்கு நான் போனேன். வீப்கே எல்லோரோடும் கைகுலுக்கியதுபோல் என்னோடும் குலுக்கினாள், அவ்வளவுதான். ரேம் போன நாளிலிருந்து அவள் எங்கள் அடுக்களைப் பக்கம் வந்ததில்லை. கடையில் பார்த்தால் வானிலையைப் பற்றிப் பேசுவாள். நானும் மூன்று முறை அவள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அறுபத்தேழு வசந்தத்தில், மரமெல்லாம் பூத்திருந்த ஒரு காலை, நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு திறந்தது. வீப்கே தடிமனான ஒரு புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன். படி."

கண்ணாடி அவள் மேலங்கிப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினேன். பத்தே வரிகள்தான். தெற்கே வேட்டைநாய் என்றும், துறைமுகங்களில் கழித்த சரக்கு என்றும் எழுதியிருந்தது. எல்பே சதுப்பு நாட்டில் கரை உடைப்பு மடு, அதன் அருகே வாழ்பவர், நீன்ப்ரூக் பெண்மணி ஒருவரின் கூற்று, 1964. முதல் பதிப்பிலிருந்த தொடர்பு தவறு, நீக்கப்பட்டது. அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். அவள் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு மூன்று உரித்த பிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த ஊசிமணிக்காரரோட பொண்டாட்டியைப் பத்தி உங்க மாமியார் வேற ஏதாவது சொன்னாங்களா?"

"பல்வலியாம். கன்னம் வீங்கி, ஊதாத் துணியால கட்டியிருந்தாளாம். கஞ்சியை ஆறவெச்சு ஒரு பக்கமாவே குடிச்சாளாம்."

"எந்தப் பக்கம்?"

"அது சொல்லலை, வீப்கே."

அவள் தலையசைத்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.